வெளிச்சம் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ போனில் கேட்ட கேள்விக்கு அப்போது ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. டியூட்டி முடிந்து களைத்துப்போய்ப் பேசினாய். கவுன்சலிங்கில் ஜெனரல் சர்ஜரி கிடைக்கவில்லை, எலும்பு மருத்துவமும் கிடைக்கவில்லை, இ.என்.டி. கிடைத்தது, சேர்ந்துவிட்டாய். "காதுல அழுக்கு எடுக்கவா இத்தனை வருஷம் படிச்சே?" என்று மாமா கேட்டாராம். மூன்று வாரமாக ஓ.பி.யில் நீயும் அழுக்குதான் எடுத்துக்கொண்டிருக்கிறாய். "மேடம், நான் சர்ஜன் ஆவேனா?" என்றாய்.

ஆவாய். அதற்கான பாடம் அந்த அழுக்கிலேயே தொடங்கிவிட்டது. அது எப்படி என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். உன்னோடு இந்த வருஷம் எம்.எஸ். இ.என்.டி.யில் சேர்ந்த மற்ற பிள்ளைகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

வயிற்றைத் திறந்தால் தியேட்டர் விளக்கு நேராக உள்ளே விழும். தொடையைத் திறந்தாலும் அப்படித்தான். நம் இடங்கள் அப்படியில்லை. காது, மூக்கு, தொண்டை மூன்றுமே இருட்டுப் பொந்துகள். பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அதுவும் நேராக இருக்காது, வளைந்து போகும். குனிந்து பார்த்தால் நம் தலையே வெளிச்சத்தை மறைக்கும். கருவியை உள்ளே விட்டால் கை மறைக்கும். ஆகவே நம் துறையில் முதல் வேலை வெட்டுவதோ தைப்பதோ இல்லை. வெளிச்சத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

உன் டிபார்ட்மென்டில் இப்போது எல்லாரும் எல்.ஈ.டி. ஹெட்லைட் போட்டுக்கொண்டிருப்பார்கள். அலமாரியில் எங்காவது ஒரு பழைய ஹெட் மிரர் கிடக்கும், தேடி எடு. உட்குழிந்த வட்டக் கண்ணாடி, நடுவில் ஒரு துளை. நோயாளியின் தோளுக்குப் பின்னால் விளக்கை வை. கண்ணாடியை வலது கண்ணுக்கு மேல் இறக்கி, துளை வழியாகப் பார். இடது கண்ணை மூடாதே. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஆழம் தெரியும். விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் தள்ளிக் குவியும். அந்தச் சின்ன வெள்ளை வட்டத்தைச் செவிப்பறையின் மேல் நிறுத்தி, தலையை ஆட்டாமல் பார்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு நாள் திடீரென்று வட்டம் நின்றது. சாம்பல் நிறத்தில் மின்னும் தோல், அதில் மேலிருந்து இறங்கும் சுத்தி எலும்பின் பிடி, கீழே முக்கோணமாக ஒரு பளபளப்பு. புத்தகத்தில் இருபது தடவை பார்த்த படம்தான். ஆனால் அன்றைக்குத்தான் நான் ஒரு காதைப் பார்த்தேன்.

இந்த வழியைக் காட்டியவர்களில் ஒருவர் டாக்டரே இல்லை என்பது உனக்குத் தெரியுமா? மானுவல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார். பாடும்போது குரல்நாண்கள் எப்படி அசைகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 1854இல் பல் மருத்துவர்களின் சின்னக் கண்ணாடி ஒன்றைத் தன் தொண்டைக்குள் வைத்துக்கொண்டு, இன்னொரு கண்ணாடியால் சூரிய வெளிச்சத்தை அதன் மேல் பாய்ச்சி, தன் குரல்நாண்கள் திறந்து மூடுவதைத் தானே பார்த்தார். அடுத்த வருஷம் லண்டன் ராயல் சொசைட்டியில் அது கட்டுரையாக வாசிக்கப்பட்டது. அவர் கையில் கத்தி இல்லை, மருந்து இல்லை. இருந்தது வெளிச்சமும், பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும். நம் துறையின் கதையில் பெரும்பகுதி இதுவே. மைக்ரோஸ்கோப் தியேட்டருக்குள் வந்தது, காது அறுவை சிகிச்சை மாறியது. நான்கு மில்லிமீட்டர் எண்டோஸ்கோப் வந்தது, சைனஸ் அறுவை சிகிச்சை மாறியது.

இனி என் கதை ஒன்று. இதைச் சொல்ல எனக்குத் தயக்கம்தான். ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் இரண்டாம் வருஷம் பி.ஜி. ராத்திரி பதினோரு மணி. நான்கு வயதுப் பெண் குழந்தை, காதுக்குள் பச்சைப் பாசிமணி. வீட்டில் பாட்டி தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். மணி வழவழவென்று மின்னியது. அன்றைக்கு விளக்கின் பல்பு போய்விட்டது. வேறு விளக்கு கொண்டுவரச் சொல்லியிருக்கலாம். காலையில் பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கலாம். குழந்தையின் அப்பாவையே டார்ச் பிடிக்கச் சொல்லிவிட்டு ஃபோர்செப்ஸை எடுத்தேன். மணியை நுனியில் கவ்வியதும் அது வழுக்கி உள்ளே போனது. இன்னொரு தடவை முயன்றேன், இன்னும் உள்ளே போனது. குழந்தை வீறிட்டது. காதில் ரத்தம். "மணி ஏற்கெனவே ஆழமாத்தான் இருந்துச்சு, காலைல மயக்க மருந்து கொடுத்து எடுத்துடலாம்" என்று அந்த அப்பாவிடம் சொன்னேன்.

காலையில் எங்கள் சீஃப் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். மெல்லிய வளைந்த ஹூக்கை மணியின் ஓரமாக நுழைத்து, பின்னால் கொண்டுபோய்த் திருப்பி, மெதுவாக இழுத்தார். மணி வந்துவிட்டது. செவிப்பறை கிழிந்திருந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்: "மணிக்குப் பின்பக்கம் உனக்குத் தெரிஞ்சுதா?"

"இல்ல சார்."

"அப்ப கை எதுக்குப் போச்சு?"

பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அப்பாகிட்ட என்ன சொல்லியிருக்கே?" என்றார். சொன்னேன். அவர் திட்டவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, "வா" என்று வெளியே கூட்டிக்கொண்டு போனார். அந்த அப்பா முன்னால் என்னை நிறுத்தினார். நான்தான் தள்ளிவிட்டேன், வெளிச்சம் சரியாக இல்லாதபோது முயன்றிருக்கக் கூடாது, செவிப்பறை கிழிந்திருக்கிறது, பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும், ஆறாவிட்டால் அடைக்க வழியிருக்கிறது என்று நானே என் வாயால் சொன்னேன். அவர் கூலி வேலைக்குப் போகிறவர். ராத்திரி முழுக்க வராண்டாவில் படுத்திருந்தவர். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பாப்பாவுக்குக் காது கேக்குமா டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டார். ஆறாவது வாரத்தில் கிழிசல் மூடிவிட்டது. அதுவரை ஒவ்வொரு தடவையும், கூட்டத்தில் என்னைத்தான் தேடிப் பிடித்துக் குழந்தையைக் காட்டினார்.

அன்றைக்கு இரண்டு பாடம் படித்தேன் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் இரண்டும் ஒன்றே. வெளிச்சம் போகாத இடத்துக்குக் கை போகக் கூடாது. கை செய்த தப்பை நோயாளியிடமிருந்து மறைத்தால், அங்கேயும் நாம் விளக்கை அணைத்துவிடுகிறோம்.

இதிலிருந்து உன் ஓ.பி.க்கு உடனே உதவுகிற சிலவற்றைச் சொல்கிறேன். உருண்டையான வழவழப்பான பொருளை ஃபோர்செப்ஸால் கவ்வாதே, பின்னால் ஹூக் போட்டு இழு. கடலையோ பயறோ இருந்தால் தண்ணீர் பீய்ச்சாதே, ஊறிப் பருத்துவிடும். உயிருள்ள பூச்சி என்றால் முதலில் எண்ணெய் விட்டு அதை அடக்கு, பிறகு எடு. பட்டன் பேட்டரி என்றால் ஒரு சொட்டு மருந்துகூட விடாதே, காத்திருக்கவும் செய்யாதே. குழந்தை ஒத்துழைக்கும் முதல் முயற்சிதான் நல்ல முயற்சி. அது தவறினால் மயக்க மருந்து கொடுத்துச் செய். அதில் உனக்கு எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

அடுத்து டெம்போரல் எலும்பு. உன்னைச் சர்ஜன் ஆக்கப்போகிற இடம் அந்த டிசெக்‌ஷன் லேப். பொட்டுப் பக்கத்தில் உள்ளங்கைக்குள் அடங்குகிற அந்த எலும்புக்குள், கேட்கிற உறுப்பு, உடம்பை நிமிர்த்தி வைக்கிற உறுப்பு, முகத்தைச் சிரிக்க வைக்கிற நரம்பு, நாக்கின் முன்பகுதிக்குச் சுவை கொண்டுவருகிற நரம்பு, மூளையிலிருந்து ரத்தத்தை இறக்குகிற பெரிய சிரை எல்லாம் ஒண்டுக் குடித்தனமாக இருக்கின்றன. அதற்குள்ளேயே இருக்கும் அங்கவடி எலும்பின் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர். அது இறுகிப்போனால் மனிதன் செவிடாகிறான். 1956இல் அமெரிக்காவின் ஜான் ஷே அதை எடுத்துவிட்டு மாற்றுப்பொருள் வைத்துக் கேட்க வைத்தார். அந்த அளவில்தான் உன் கை வேலை செய்யப் பழக வேண்டும்.

டிரில்லைப் பிடித்ததும் எல்லாப் பிள்ளைகளும் ஒரே தப்பைச் செய்வார்கள். ஆன்ட்ரம் என்ற காற்றறை சுமார் 15 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று படித்திருப்பார்கள். அதைத் தேடிக் கிணறு தோண்டுவது போல நேராகக் கீழே போவார்கள். குழி குறுகலாக இருந்தால் அடியில் வெளிச்சம் விழாது. கிண்ணம் போலத் தோண்டு. வாய் அகலமாக, விளிம்பு சரிவாக. ஆழம் போகப் போக மேலே இன்னும் அகலமாக்கு. டிரில் நுனியில் பெரிய பர்ரிலிருந்து தொடங்கு. சின்ன பர்தான் பயமில்லாதது என்று தோன்றும், ஆனால் எலும்பைக் குத்திக்கொண்டு உள்ளே போவது அதுதான். தண்ணீர் விட்டுக்கொண்டே இரு. சூடும் தணியும், பார்வையும் தெளியும். மூளை உறைக்கு மேல் எலும்பு மெலியும்போது இளஞ்சிவப்பாகத் தெரியும். சிரைக்கு மேல் நீலம் தட்டும். டிரில்லின் சத்தமும் மாறும். கண் பார்க்கும் முன்னே காது சொல்லிவிடும். முகநரம்பு அருகே வந்ததும் டயமண்ட் பர்ருக்கு மாறு. நரம்பு ஓடும் திசையிலேயே கையை ஓட்டு, குறுக்கே ஓட்டாதே. நரம்பைத் தவிர்க்க வேண்டும் என்று பயந்து ஒதுங்குகிறவன்தான் அதை வெட்டுவான். நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடிக் கண்டுபிடித்தவன் வெட்ட மாட்டான்.

குழந்தைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறும். கைக்குழந்தைக்குக் காதுக்குப் பின்னால் மாஸ்டாய்டு எலும்பு முனை வளர்ந்திருக்காது. முகநரம்பு தோலுக்கு அடியிலேயே இருக்கும். பெரியவர்களுக்குப் போடும் கீறலை அங்கே போட்டால், அந்தப் பிஞ்சு முகம் காலத்துக்கும் கோணிப்போகும். ஒவ்வொரு எலும்பையும் டிரில் செய்து முடித்ததும் கழுவித் துடைத்து, என்னென்ன பார்த்தாய், எதை இழந்தாய் என்று ஒரு நோட்டில் படம் போட்டு எழுது. லேபில் அறுந்த நரம்புக்கு நோட்டோடு கணக்கு முடிந்துவிடும்.

நான் சொன்ன விதிக்கு விலக்கு ஒன்று உண்டு. அதையும் மறைக்க மாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குக் குரல்வளைப் புற்றுநோய்க்காரர் ஒருவரைக் கொண்டுவருவார்கள். படுக்க முடியாது, உட்கார்ந்தபடி ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து இறைப்பது போல இழுப்பார். தூரத்திலிருந்தே அந்தச் சத்தம் கேட்கும். மூச்சுக்கு வழி செய்யக் கழுத்தைத் திறந்ததும் ரத்தம் நிரம்பும், விளக்கு இருந்தும் ஒன்றும் தெரியாது. அப்போது உன் ஆள்காட்டி விரல்தான் விளக்கு. நடுக்கோடு எது, வளையங்கள் எங்கே, குழாய் எந்தப் பக்கம் தள்ளிப்போயிருக்கிறது என்று அந்த விரல் சொல்ல வேண்டும். அந்த அறிவு அந்த நேரத்தில் வந்து சேராது. அதனால் ஓ.பி.க்கு வருகிற ஒவ்வொரு பெரியவரின் கழுத்தையும், அனுமதி கேட்டுவிட்டு, இன்றிலிருந்தே தொட்டுப் பார். குரல்வளை மேடு, அதன் கீழே பள்ளம், பிறகு வளையங்கள். நூறு கழுத்தைத் தொட்ட விரல் நூற்று ஒன்றாவதில் தடுமாறாது. அந்த ராத்திரியில் மயக்க மருந்து டாக்டர் உன் பக்கத்தில் நிற்பார். நாமும் அவரும் ஒரே மூச்சுக்குழாயைப் பங்கு போட்டு வேலை செய்கிறவர்கள். கத்தியை எடுக்கும் முன்னே அவரிடம் பேசு. முதல் வழி இது, அடைத்தால் இரண்டாவது வழி இது என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

டான்சில் எடுத்த குழந்தை தூங்குகிறது என்று சிஸ்டர் சொன்னால், போய்ப் பக்கத்தில் ஐந்து நிமிஷம் நில். தூக்கத்தில் அடிக்கடி விழுங்குகிறதா என்று தொண்டையைப் பார். ரத்தம் வெளியே வராது; குழந்தை விழுங்கிக்கொண்டே இருக்கும், பிறகு மொத்தமாக வாந்தி எடுக்கும்போதுதான் எல்லாரும் ஓடுவார்கள். முதல் நாள் தாண்டினாலும், ஐந்திலிருந்து பத்து நாளுக்குள் மறுபடி ரத்தம் வரலாம். வீட்டுக்கு அனுப்பும்போது இதைப் பெற்றோருக்கு அவர்கள் வார்த்தையில் சொல்லி அனுப்பு.

கடலை சாப்பிடும்போது புரையேறியது, பிறகு சரியாகிவிட்டது என்று அம்மா சொன்னால், அந்த வார்த்தையை எக்ஸ்ரேயைவிடப் பெரிதாக எடுத்துக்கொள். கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. படம் நன்றாகவே இருக்கலாம். எக்ஸ்ரேயில் நாணயம் போலத் தெரிவதன் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார். இருந்தால் அது பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே புண்ணாக்க ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் செவாலியர் ஜாக்சன் என்பவர் இப்படி மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் இருந்து எடுத்த பொருள்களைச் சேர்த்து வைத்தார். ஃபிலடெல்ஃபியாவின் மூட்டர் மியூசியத்தில் 2,374 பொருள்கள் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. அவர் எடுத்ததோடு நிற்கவில்லை. காரத்தைக் குடித்துத் தொண்டை வெந்துபோன குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து, டப்பாவில் விஷ எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடினார். 1927இல் சட்டம் வந்தது. ஓ.பி.யில் திரும்பத் திரும்ப ஒரே விபத்தைப் பார்த்தால், அது எந்தக் கடையிலிருந்து, எந்தப் பழக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்பதும் நம் வேலைதான். குளிப்பாட்டும்போது பச்சைக் குழந்தையின் காதில் எண்ணெய் விடாதீர்கள், மூக்கில் ஊதாதீர்கள் என்று நீ தினமும் பத்துப் பாட்டிமாரிடம் சொல்ல வேண்டியிருக்கும். சலிக்காமல், மரியாதையாகச் சொல். அவர்கள் அன்பினால் செய்கிறார்கள்.

வெளிச்சத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கவும் பழகு. காது வலி என்று வருகிற வெற்றிலை போடும் அம்மாவின் காது சுத்தமாக இருந்தால், சொட்டு மருந்து எழுதி அனுப்பிவிடாதே. வாயைத் திறக்கச் சொல், நாக்கின் அடிவாரம் வரை பார். தொண்டைப் புற்று காது வலியாகவே வந்து நிற்கும். மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் குரல்நாண்களைப் பார்க்காமல் விடாதே. குழந்தைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி என்றால், உள்ளே ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொள். பெரியவருக்கு ஒரு பக்கக் காதில் மட்டும் நீர் கோத்திருந்தால் மூக்கின் பின்புறத்தைப் பார்.

எந்த விளக்கிலும் தெரியாத நோய் ஒன்று இருக்கிறது. பிறவிச் செவிட்டுக் குழந்தையின் செவிப்பறை பளிச்சென்று அழகாக இருக்கும். குழந்தை சிரிக்கும், தவழும், முகம் பார்க்கும். இரண்டு வயதில், "இன்னும் பேசலையே" என்று அம்மா வரும்போது பொன்னான நாள்கள் போயிருக்கும். பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவி அல்லது சிகிச்சை என்ற கணக்கை மனப்பாடம் செய். தூங்குகிற குழந்தையின் காதில் சின்னக் கருவியை வைத்து ஓ.ஏ.ஈ. என்ற கேட்புச் சோதனை பார்க்கச் சில நிமிஷம் போதும். நம் ஊரில் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணங்கள் அதிகம்; அதனால் சொந்தத்துக்குள் கல்யாணமா என்ற கேள்வியை நாம் கூடுதலாகவே கேட்க வேண்டும். யாரையும் குற்றவாளியாக்காமல் கேள். தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த முடிகிறது. ஆனால் கருவி பொருத்திய நாள் ஒரு தொடக்கம் மட்டுமே. கேட்கவும் பேசவும் பயிற்சி கொடுக்கிறவர்கள்தான் அதற்குப் பிறகு மாதக்கணக்கில் அந்தக் குழந்தையோடு தரையில் உட்காருகிறார்கள். அவர்கள் பக்கத்தில் ஒரு நாளாவது போய் உட்கார்.

2021இல் கரும்பூஞ்சை வந்தபோது தியேட்டரில் நின்றவர்களுக்கு, காதில் அழுக்கு எடுக்கிற துறை என்று இதை யாராவது சொல்லக் கேட்டால் மனசு தாங்காது. கொரோனாவிலிருந்து பிழைத்து வந்தவர்களின் மூக்கிலும் சைனஸிலும் செத்துப்போன திசுவை, ரத்தம் கசியும் இடம் வரும்வரை சுரண்டி எடுத்தோம். சிலருக்கு மேல் அண்ணம் போனது, சிலருக்குக் கண் போனது. எண்டோஸ்கோப்பின் வெளிச்சத்தில் கறுப்பு எங்கே முடிகிறது, சிவப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பதுதான் முழு வேலையும். நாளைக்குக் கண்ணாடியில் முகம் பார்க்கப் போகிறவரிடம், எதை எடுக்கப் போகிறோம் என்று முந்தின நாளே உட்கார்ந்து சொன்னோம். சொல்லாமல் எடுத்திருந்தால் எங்களால் தூங்கியிருக்க முடியாது.

இந்த மூன்று வருஷத்தில் நீ நிறையத் திட்டு வாங்குவாய். சாப்பாடு தவறும். உன்னோடு படித்தவன் உனக்கு முன்னால் முதல் மாஸ்டாய்டு அறுவை சிகிச்சை செய்வான். தப்பு நடந்தால் அன்றைக்கே யாரிடமாவது சொல். மனசுக்குள் வைத்தால் அது மறு தடவை கையில் நடுக்கமாக வரும். தூக்கமில்லாமல் கை நடுங்கினால் அதையும் சொல். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பி.ஜி.யைத்தான் எந்த சீஃபும் டிரில் கொடுத்து நம்புவார்.

மாஸ்டாய்டு முடிந்து, நோயாளி மயக்கம் தெளிந்ததும் நாம் எல்லாரும் ஒரு காரியம் செய்கிறோம். தியேட்டர் வாசலில் ட்ராலி பக்கத்தில் குனிந்து, "கண்ணை இறுக்கி மூடுங்கம்மா. இப்ப பல்லைக் காட்டுங்க" என்று கேட்கிறோம். முகநரம்பு பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கிற சோதனை அது. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த இரண்டு வினாடி மூச்சு நின்றுதான் வருகிறது. உன் கையால் முழுக்கச் செய்த முதல் காதுக்கு, ஒரு நாள் நீயே குனிந்து அதைக் கேட்பாய். தலைக்கட்டோடு, பாதித் தூக்கத்தில், எதற்கென்று புரியாமலே அந்த அம்மா பல்லைக் காட்டுவார். இரண்டு பக்கமும் சமமாக ஏறும்.

நீ சர்ஜன் ஆவாயா என்ற கேள்விக்குப் பதில் அங்கே இருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் செய். எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

நாளைக்கு ஓ.பி.யில் அழுக்கு எடுக்க வருகிறவரை உட்கார வைத்து, முதலில் விளக்கைச் சரி செய்.

அன்புடன்,
உன் மேடம்